மூன்று முறை

காற்று மிகுந்த நாட்களில் இந்த ஊரில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
நீரிணைக்கு அப்பால் தென்முனை வரை
தடுக்க ஏதுமில்லாத காற்று.
அக்டோபரில் ஒருநாள்
அந்தக் கயிற்றைப் பற்றியபடி
மூச்சிரைக்க இரவுப்பணிக்கு வந்து சேர்ந்தேன்.
பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சி தருவது
என் வேலை.

ஏழாம் கட்டிலில் அய்லின்.
ஆறு வயதா என்றேன்.
முகக்கவசத்துக்குள்ளிருந்து திருத்தினாள்:
ஆறே முக்கால்.

குழந்தைகளை ஒன்றும் செய்யாது என்று
வானொலியில் சொன்னார்கள்.
ரொட்டிக்கடை வரிசையில் சொன்னார்கள்.
உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே
தொலைபேசியில் என் தங்கைக்கு
நானும் சொல்லியிருக்கிறேன்.

அய்லினையும் அது ஒன்றும் செய்யவில்லைதான்.
இரண்டு நாள் மூக்கொழுகல்.
மூன்றாம் நாள் நாயைக் குளிப்பாட்டினாள்.
நான்கு வாரம் போனபின்
விட்டுப்போன குடையை எடுக்க வரும்
விருந்தாளியைப் போல
அது திரும்பி வந்தது.
கண் சிவந்தது. நாக்கு சிவந்தது.
விரல்நுனியில் தோல் உரிந்தது.
திரையில் நாடி நூற்றி அறுபது,
எங்கோ ஓடிப்போகப் பார்க்கும்
ஒரு சின்ன இதயம்.

பெற்றோரில் ஒருவருக்குத்தான் அனுமதி.
யாஸ்னா உள்ளே.
எவரிஸ்தோ கீழே வாகன நிறுத்தத்தில்,
சால்மன் ஆலை வேனுக்குள்
ரப்பர் காலணி கழற்றாமல்.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
தொற்று எங்கிருந்து வந்தது?
ஆலையில் அவனுடைய வரிசையில்
பதினோரு பேர் படுத்தது
யாஸ்னாவுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.
"தெரியவில்லைன்னு எழுதுங்க" என்றாள்.
எழுதினேன்.
என் கையெழுத்து
அன்றைக்கு மட்டும் அழகாக இருந்தது.

இரவு ஒன்பதுக்கு வேனின் முகப்பு விளக்கு
மூன்று முறை எரிந்து அணையும்.
தூங்கு, மகளே, என்று அர்த்தமாம்.
அய்லின் போர்வைமேல்
மூன்று விரல் மடக்குவாள்.
அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.
மூன்றாம் மாடி சன்னலில்
மூன்று விரல் எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை.
ஒன்பதாம் கட்டில். கார்கமோ வீட்டுக் குழந்தை,
ஐந்து மாதம், பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை.
அழைப்பு மணிக்கு ஓடிப்போய்ப் பெரிய விளக்கைத் தட்டினேன்.
பழைய சுவிட்ச்.
எரிந்தது, அணைந்தது,
எரிந்தது, அணைந்தது,
மூன்றாம் முறைதான் நின்று எரிந்தது.

கீழே இருட்டுக்குள்
வேன் பதில் சொல்லத் தொடங்கியது.
மூன்று. மறுபடி மூன்று.
ஒலிப்பானை வேறு அழுத்தினான்.
நிறுத்தவே இல்லை.
நாங்கள் நான்கு பேர் சேர்ந்து
இரண்டு விரலால்
அந்த நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தோம்.
அவன் மகிழ்ச்சி
கூரையில் வந்து வந்து விழுந்தது.

இருபத்தைந்து நிமிடம்.
பிறகு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து
நேரத்தைச் சொன்னார்.
கட்டிலுக்கடியில் ஒரு காலுறை கிடந்தது.
என் கட்டைவிரலுக்குத்தான் அளவாக இருக்கும்.

பதினாறாம் நாள் அய்லின் வீடு போனாள்.
தினம் பாதி ஆஸ்பிரின்.
ஆறு வாரத்தில் இதயத்துக்கு மறுபடி ஸ்கேன்.
வாசலில் எவரிஸ்தோ என் கையைப் பிடித்துக்கொண்டான்.
"அன்னிக்கு ராத்திரி விளக்கைப் போட்டுக் காட்டினது
நீங்கதானே?"
ஆமாம் என்றேன்.
அது பொய்யில்லை.

காற்று அன்றும் குறையவில்லை.
ஒரு கையில் கயிறு,
இன்னொரு கையில் மருந்துப் பை
என்று அவன் முன்னால் நடந்தான்.
கயிறு அய்லினுக்கு எட்டாத உயரம்.
அப்பாவின் சட்டை நுனியை
முறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.
முனை திரும்பும்வரை பார்த்தேன்.
பிறகு உள்ளே வந்து
சுவிட்சை மாற்றச் சொல்லி
மின்பணியாளருக்கு ஒரு சீட்டு எழுதினேன்.
அதை இன்னும் கொடுக்கவில்லை.